3090-க்கு வாட்டர் கூலிங்: ஏ.ஐ.ஓ.வா, கஸ்டம் லூப்பா?

வாரண்டி முடிந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டுகள் செகண்ட்ஹேண்டில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 24 ஜிபி மெமரி இருப்பதால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்கிறவர்களும் வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். 350 வாட் சூட்டைச் சமாளிக்க எல்லா வழிகளையும் பார்த்துவிட்டு, கடைசியில் பம்ப், ரேடியேட்டர், குழாய் என்று தனித்தனியாக வாங்கிக் கோர்க்கும் கஸ்டம் லூப் போட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கார்டில் சிக்கல் கோரில் (கணக்குப் போடும் மையச் சிப்பில்) இல்லை, மெமரியில். 1 ஜிபி சிப்கள் மொத்தம் 24. அதில் 12 பலகையின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் கிடைப்பது பேக்பிளேட் என்னும் பின்பக்கத் தகடு ஒன்றுதான். கோர் 70 டிகிரி என்று சாதுவாகக் காட்டும்போதே மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்புக்குள் இருக்கும் சூடு) 100-ஐத் தாண்டியிருக்கும். 110-ஐ நெருங்கினால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் விளையாடும்போது இது பெரிதாகத் தெரியாது. மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டினால் தெரியும்.

ஏர் கூலிங்கை இரண்டு வரியில் முடித்துவிடலாம். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட்களை மாற்றி, பேஸ்ட் புதிதாகப் போட்டு, பவர் லிமிட்டை 280 வாட் பக்கம் இறக்கினால் சில சதவீத வேகம்தான் போகும்; சூடு நன்றாகவே குறையும். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குச் சத்தம் பொறுக்கவில்லை, அதனால் மேலே போனேன்.

சிபியு கூலரைக் கார்டில் மாட்ட உதவும் பிராக்கெட் ஒன்று உண்டு. என்இசட்எக்ஸ்டி-யின் ஜி12 அந்த வகையில் பிரபலம். பழைய கார்டுகளுக்கு அது அருமையான யோசனை. ஆனால் அது தண்ணீரைக் கோருக்கு மட்டும்தான் கொடுக்கும். மெமரிக்கு ஒரு சின்ன ஃபேன். 3090-இல் சூடாவதே மெமரி என்னும்போது அதை எடுத்துப் பயன் இல்லை.

மிச்சம் இரண்டு: கம்பெனியிலிருந்தே ரேடியேட்டர் ஒட்டி வரும் ஏ.ஐ.ஓ. (ஆல்-இன்-ஒன்) கார்டு, அல்லது கோரையும் முன்பக்க மெமரியையும் சேர்த்து மூடி, உள்ளே தண்ணீர் ஓடும் ஃபுல் கவர் வாட்டர் பிளாக் வைத்த கஸ்டம் லூப்.

ஏ.ஐ.ஓ. கார்டில் வேலையே கிடையாது. ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் மாட்டி, ஸ்லாட்டில் செருகினால் முடிந்தது. தண்ணீர்ப் பாதைக்குள் காற்றுக்குமிழி உயரமான இடத்தில் சேரும் என்பதால் பம்பை எல்லாவற்றுக்கும் மேலே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு கார்டு இருக்கிறது; சில மாலைகள் அதில் வேலை பார்த்திருக்கிறேன், அமைதியாக ஓடியது. என் அனுபவம் அவ்வளவுதான், நீண்ட நாள் உழைப்பைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது.

என்னைத் தடுத்தது வேறு: பழுது வந்தால் என்ன செய்வது? 2014-இல் ஏஎம்டி-யின் ஆர்9 295எக்ஸ்2, 2015-இல் ஃபியூரி எக்ஸ் என்று இந்த வகைக் கார்டுகள் அப்போதே வந்தன. இரண்டிலும் 120 மிமீ ரேடியேட்டர், மூடி முத்திரையிட்ட தண்ணீர். ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், பம்ப் தேயும். சிப் திடமாக இருந்தாலும் பம்ப் நின்றால் கார்டும் படுத்துவிடும். தண்ணீரை மட்டும் நிரப்பலாமே என்றால் அதற்கு வழி வைத்திருக்க மாட்டார்கள், பல ஏ.ஐ.ஓ.க்களில் ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் செம்பு, நடுவே அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம். அதைத் திறந்து சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு தொடங்கிவிடும். வாரண்டிக்குள் இருக்கும் கார்டென்றால் இதெல்லாம் கம்பெனியின் தலைவலி. 2020-இல் வந்த 3090-க்கு அது உங்கள் தலைவலி.

கஸ்டம் லூப்பில் ஒவ்வொரு பாகமும் தனித்தனி. பம்ப் போனால் பம்பை மட்டும் மாற்றலாம். டி5 வகைப் பம்ப் பல கம்பெனிகளின் ரிசர்வாயருக்கு (தண்ணீர்த் தொட்டிக்கு)ப் பொருந்தும், குழாயை இணைக்கும் ஃபிட்டிங்குகள் எல்லாம் ஜி¼ என்ற ஒரே அளவு மரை. நான் இதற்கு ஓட்டுப்போட முக்கியக் காரணம் இதுதான். ரேடியேட்டர், பம்ப், ஃபிட்டிங் எல்லாம் அடுத்த கார்டுக்கும் அதற்கடுத்ததற்கும் வரும். வீணாவது பிளாக் மட்டும்.

ஆனால் அந்தப் பிளாக் நன்றாகவே வீணாகும். அது ஒரே ஒரு பலகைக்காகக் கடைந்தது. ரெஃபரன்ஸ் (பல கம்பெனிகள் பயன்படுத்தும் பொது வடிவமைப்பு) பலகைக்கான பிளாக் ஆசுஸ் ஸ்ட்ரிக்ஸில் உட்காராது; என்விடியாவின் ஃபவுண்டர்ஸ் எடிஷன் பலகை இரண்டிலிருந்தும் வேறு. கார்டின் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாமல் மாடல் எண்ணைப் பிளாக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் பிளாக்குக்குக் காசு தரமாட்டார், பழைய ஃபேன் கூலர் எங்கே என்றுதான் கேட்பார். அதனால் கழற்றிய கூலரையும் அதன் ஸ்குரூக்களையும் ஒரு டப்பாவில் போட்டு, எந்த இடத்தில் எத்தனை மிமீ தெர்மல் பேட் இருந்தது என்று எழுதி வையுங்கள். பேட் தடிமன் கூடினால் பிளாக் கோரில் சரியாக அழுந்தாது. குறைந்தால் மெமரியைத் தொடவே தொடாது.

பராமரிப்பைப் பற்றி இணையத்தில் பயமுறுத்துவது பெரும்பாலும் கலர் தண்ணீரால் வருவது. பால் போன்ற நிறக் கூலன்ட் பிளாக்கின் நுண்வரிகளில் படியும். நிறமில்லாத கூலன்ட், செம்பு ரேடியேட்டர், கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய் என்று போனால் வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். தெளிவான பிவிசி குழாயில் பிளாஸ்டிசைசர் கசிந்து மங்கிப்போகும். கண்ணாடி போன்ற ஹார்ட் டியூப் அழகுதான், நான் வளைத்துப் பார்த்ததில்லை. இன்வர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் கேனை ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இல்லாமல் எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

ரேடியேட்டர் அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 120 மிமீ ரேடியேட்டருக்கு 100 வாட் என்பது ஒரு தோராயக் கணக்கு. அதன்படி 3090-க்கே ஒரு முழு 360 மிமீ ரேடியேட்டர் போய்விடும். தண்ணீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது என்பதால் சித்திரை வெயிலில் எந்தக் கூலரானாலும் அந்த அளவுக்கு ஏறத்தான் செய்யும். 350 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வந்து விழும், ஏசிக்குச் சுமை குறையாது.

ஃபுல் கவர் பிளாக் போட்டாலும் அந்தப் பின்பக்க 12 சிப்களுக்குத் தண்ணீர் போகாது. அதற்கென்றே தண்ணீர் ஓடும் ஆக்டிவ் பேக்பிளேட் தனியாக விற்கிறார்கள்; விலை கூடுதல். நான் நல்ல பேட் போட்டு, பேக்பிளேட் மேல் சின்ன ஃபேன் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். முன்பு நூறைத் தாண்டிய மெமரி இப்போது தொண்ணூறுக்குள் நிற்கிறது. இரவெல்லாம் ரெண்டர் ஓட்டுகிறவர் என்றால் ஆக்டிவ் பேக்பிளேட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

4090 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 450 வாட் கார்டுதான், ஆனால் மெமரி முழுக்க முன்பக்கம், கூடவே வரும் கூலரும் பூதாகரமானது. அதை வாரண்டிக்குள் கழற்றிப் பிளாக் மாட்டுவதற்கு ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.