மலைப்பாதை மின்சைக்கிள்: எந்த மோட்டார்?

முறுக்குவிசை (மோட்டார் சுற்றித் தள்ளும் பலம், அளவு நியூட்டன் மீட்டரில்) எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் (நான்காம் தலைமுறை), ஷிமானோ இபி8 இரண்டுமே 85 நியூட்டன் மீட்டர். ஆனால் பெடல் மெதுவாகச் சுற்றும்போதும் பாஷ் நன்றாகவே தள்ளும். ஷிமானோவிடம் முழு பலம் வேண்டுமென்றால் வேகமாக மிதிக்க வேண்டும். எடையில் ஷிமானோவுக்குச் சாதகம்: 2.6 கிலோ, பாஷ் 2.9.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, மிதிக்காமல் கரடுமுரடான இறக்கத்தில் இறங்கும்போது மோட்டாருக்குள்ளிருந்து வரும் கடகட சத்தம். உள்ளிருக்கும் கிளட்சின் தளர்வுதான் காரணம், பழுதல்ல. காதுக்குத்தான் எரிச்சல். பாஷின் ஐந்தாம் தலைமுறையில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

டிகியூ எச்பிஆர்50 மோட்டார் ஏறக்குறைய சத்தமே போடாது, 1.85 கிலோதான். ஆனால் 50 நியூட்டன் மீட்டர், 360 வாட்-மணி பேட்டரி. கனத்த உடம்பு, நீண்ட செங்குத்து ஏற்றம் என்றால் போதாது.

கடையில் மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்: மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஐரோப்பிய மாடல்களில் மோட்டார் உதவாது, உங்கள் கால்தான் எஞ்சின். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 165 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும், பாறையில் பெடல் இடிப்பது குறையும். கியர் மாற்றும் கணத்தில் மிதியைத் தளர்த்தாவிட்டால் செயின் சீக்கிரம் தேயும்.