வீட்டு பிரின்டர்: வைஃபையா, வயரா, ஜெராக்ஸ் கடையா?

பிரின்டர் வாங்கப் போகிறவர்கள் பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகும் என்று கேட்பார்கள். நம்மைப் பற்றி அது யாரிடம் போய் என்ன சொல்லும் என்று கேட்பவர்கள் குறைவு.

அதிகம் சொல்லக்கூடியது ஹெச்பி. எத்தனை பக்கம், எப்போது, பிடிஎஃபா படமா, வேர்டிலிருந்தா எக்செலிலிருந்தா, உள்ளே இருப்பது யார் கம்பெனி மை என்று அவர்கள் சேகரிக்கக்கூடிய பட்டியல் அவர்களின் தனியுரிமை அறிக்கையிலேயே இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை என்றும் அதிலேயே சொல்கிறார்கள். சரி, நம்புவோம். ஆனால் 2020இல் வந்த ஹெச்பி பிளஸ் திட்டத்தில் சேர்ந்தால் கணக்கு தொடங்க வேண்டும், பிரின்டர் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும், ஹெச்பி மை மட்டும்தான் போட வேண்டும். மைக்கு ஹெச்பி வைத்திருக்கும் மாதச் சந்தாவான இன்ஸ்டன்ட் இங்கில், சந்தாவை நிறுத்தினால் மை மிச்சமிருக்கும் கார்ட்ரிட்ஜும் படுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வீட்டில் குடக்கூலிக்கு இருப்பது போல.

எப்சனின் டேங்க் பிரின்டர்களில் (பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றும் வகை) எல்3250க்கு வைஃபை உண்டு, எல்3210க்கு யுஎஸ்பி வயர் மட்டும். வயர் என்றால் பிரின்டர் தானாக வெளியே பேசாது. ஆனால் கணினியில் போடும் மென்பொருள் பேசலாம். அதனால் நிறுவும்போது ‘பயன்பாட்டு விவரம் அனுப்பட்டுமா’ என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளை போதுமென்றால் பிரதர் ஹெச்எல்-எல்2321டி லேசர். அதுவும் வயர்தான். பிரதரின் நெட்வொர்க் மாடல்களை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2025இல் ரேபிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 689 பிரதர் மாடல்களில் பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டார்கள். அவற்றில் மோசமானது, கம்பெனி போட்டு அனுப்பும் நிர்வாகக் கடவுச்சொல்லைச் சீரியல் எண்ணை வைத்தே கணக்கிட்டுவிட முடிவது. ஏற்கெனவே விற்ற மெஷின்களில் அப்டேட் போட்டாலும் இது முழுதாகத் தீராது. கடவுச்சொல்லை நாமேதான் மாற்ற வேண்டும்.

கலர் லேசர் தனிக் கதை. பல மாடல்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் தாளிலேயே போடும். ஜெராக்ஸ் கம்பெனியின் ஒரு மாடலில் அவை குறிப்பது பிரின்டரின் சீரியல் எண்ணும் அச்சிட்ட நேரமும் என்று, டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் அமெரிக்காவின் இஎஃப்எஃப் அமைப்பு 2005இல் கண்டுபிடித்தது.

‘இந்த வம்பே வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும்’ என்றுதான் நானும் இருந்தேன். ஒருநாள் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நின்றேன். கடைக்காரர் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தார். பாதித் தெருவின் ஆதாரும் அதில் இருந்தது. என்னுடையதை அழிக்கச் சொன்னேன்.

“அப்புறம் மொத்தமா அழிச்சிடுவேன் சார்” என்றார்.

அந்த வாரமே எல்3210 வாங்கிவிட்டேன்.