பழைய டீலக்ஸ் ரிவர்ப் சத்தமே போதும்: ரெண்டு வருஷம் பொட்டீக் ஆம்ப் வச்சிருந்துட்டு எழுதுறேன்

ஃபெண்டர் 65 டீலக்ஸ் ரிவர்ப் ரீஇஷ்யூ, அதாவது அறுபதுகள்ல வந்த ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர (ஆம்ப்) ஃபெண்டர் கம்பெனியே மறுபடி செஞ்சு விக்கிறது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி எட்டு மாசம் ஆச்சு, வாரத்துக்கு ரெண்டு நாள் சாலிகிராமத்துல ஜாம் ரூம், ஞாயித்துக்கெழம சர்ச், நடுவுல நாலஞ்சு கல்யாண ரிசப்ஷன்னு நல்லா வாசிச்சாச்சு, இப்போ எழுதலாம்னு தோணுச்சு. இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் என்கிட்ட இருந்தது ஒரு பொட்டீக் ஆம்ப், வெளிநாட்டுல ஒரு சின்ன பட்டறைல கையாலயே வயரிங் பண்ணி செய்றது. பேரு வேணாம், செஞ்சவங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, வேலைப்பாடு அவ்ளோ சுத்தம். அதுவும் இதே டீலக்ஸ் ரிவர்ப் சர்க்யூட்ட எடுத்து, அதுல இருக்கிற குறையெல்லாம் ஒண்ணு விடாம சரி பண்ணதுதான். அந்தக் குறைங்கள தேடித்தான் நான் திரும்பி வந்தேன்.

பொட்டீக் ஆம்ப் பத்தி மொதல்ல நியாயமா சொல்லிடறேன். வீட்ல கதவச் சாத்திட்டு தனியா உக்காந்து வாசிச்சா அது மாதிரி ஒரு சொகம் கெடையாது. பாஸ் கெட்டியா நிக்கும், ட்ரெபிள் காத குத்தாது, நடுவுல வர்ற சத்தம் நெய் ஊத்துன மாதிரி வழுவழுன்னு வரும், மொத்த சத்தத்த மட்டும் தனியா கொறைக்கிற மாஸ்டர் வால்யூம் இருக்கிறதால ராத்திரி பதினோரு மணிக்குக்கூட பக்கத்து வீட்ட எழுப்பாம டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, எடுக்கலாம். இரைச்சல்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஆன்ல இருக்கான்னு லைட்ட பாத்துதான் தெரிஞ்சிக்கணும். கஸ்டம்ஸ் டியூட்டியோட சேத்து ரெண்டரை லட்சத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு வருஷ சேமிப்பு.

பிரச்சன எங்க ஆரம்பிச்சுதுன்னா போன டிசம்பர்ல, வேப்பேரி பக்கம் ஒரு சர்ச்ல கேரல் சர்வீஸ். கீபோர்ட், பேஸ், டிரம்ஸ், இருவது பேர் க்வயர், நான். ரிகர்சல்ல ரெண்டு பாட்டு முடிஞ்சதும் சவுண்ட் பாக்குற அண்ணன் மேடைக்குக் கீழ வந்து நின்னு, "தம்பி, வாசிக்கிறியா இல்லயா, ஒண்ணுமே வரல"ன்னாரு. வால்யூம ஏத்துனேன். சத்தம் கூடுச்சு, ஆனா தெளிவு வரல, கீபோர்டும் நானும் ஒரே நாற்காலில ரெண்டு பேர் உக்காந்த மாதிரி இடிச்சுக்கிட்டோம். இன்னும் ஏத்துனா க்வயர் மூழ்குது. அப்புறம் கம்மி பண்ணுன்னு சொல்றாங்க, கம்மி பண்ணா மறுபடியும் காணாமப் போறேன். அன்னிக்கு சர்வீஸ் முழுக்க நான் வாசிச்சது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அந்த ராத்திரி ரொம்ப வருத்தமா வீட்டுக்குப் போனேன்.

ஜனவரில பெரம்பூர்ல ஒரு அங்கிள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆங்கிலோ இந்தியன் குடும்பம், ரயில்வேல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, எழுபதுகள்ல டான்ஸுக்கெல்லாம் கிட்டார் வாசிச்சவரு. அவர்கிட்ட ஒரு சில்வர்ஃபேஸ் (முன் பேனல் வெள்ளி நிறம்) டீலக்ஸ் ரிவர்ப் இருக்கு, எழுபதுகளோடது, தம்பி ஆஸ்திரேலியாலேந்து வரும்போது கொண்டு வந்து குடுத்ததாம். அங்கயும் நம்ம ஊர் மாதிரிதான் கரண்ட்டுங்கிறதால ட்ரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லாம நேரா லைன்ல ஓடுது. மேல போட்டிருந்த பெட்ஷீட்ட எடுத்துட்டு ஸ்விட்ச போட்டாரு. அரை நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் உள்ள இருக்கிற வால்வெல்லாம் (பழைய ரேடியோல வர்ற கண்ணாடிக் குழாய்) ஆரஞ்சு கலர்ல மெதுவா முழிச்சுது, சூடான தூசி வாசன ஒண்ணு வந்துச்சு பாருங்க, தாத்தா வீட்ல மர்பி ரேடியோ போட்டா வருமே, அதே வாசன. ஸ்பீக்கர்லேந்து லேசா ஒரு உஸ்ஸ்.

நான் பழக்கத்துல வால்யூம ரெண்டுல வச்சு வாசிச்சேன். "ரெண்டுல வச்சு என்னத்த கேக்குற மேன், நாலுக்கு ஏத்து"ன்னாரு. நாலுக்கு ஏத்துனேன். மெதுவா வருடுனா மணி மாதிரி சுத்தமா வருது, அதே இடத்துல கொஞ்சம் அழுத்தி அடிச்சா நுனில ஒரு பொறி தெறிக்குது, இன்னும் அழுத்துனா சத்தம் ஒரு நொடி உள்ள வாங்கி மறுபடி மேல எழும்புது. பெடல் எதையும் தொடல, நாப் எதையும் திருப்பல, எல்லாம் கைலயே நடக்குது. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மனசு வரல. ஆன்ட்டி ரெண்டு தடவ டீ குடுத்தாங்க.

இது ஏன்னு அப்புறம் நானும் எங்க பேஸ் ப்ளேயரும் உக்காந்து பேசி, சர்க்யூட் டயக்ராம்லாம் பாத்து புரிஞ்சிக்கிட்ட விஷயம் இது. பழைய ஃபெண்டரோட டோன் சர்க்யூட்டே நடு ஃப்ரீக்வென்சிய, தோராயமா 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம், பள்ளம் பறிச்சு எடுத்துடும். டீலக்ஸ் ரிவர்ப்ல மிட் நாப் கெடையாது, அந்த இடத்துல ஒரே ஒரு ரெசிஸ்டர், 6.8 கிலோ ஓம், அவ்ளோதான், நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. தனியா வாசிக்கும்போது இது குறையா தெரியும், ஒல்லியா இருக்கேன்னு தோணும். ஆனா பாடுறவங்க குரலும் கீபோர்டோட இடது கையும் நெறைய உக்காந்திருக்கிற இடம் அதுதான். பழைய ஆம்ப் அந்த இடத்த அவங்களுக்கு விட்டுக் குடுத்துட்டு மேலயும் கீழயும் போய் நிக்குது, அதனால எல்லாருக்கும் கேக்குது. பொட்டீக் காரங்க "ஒல்லியா இருக்கு"ன்னு அந்தப் பள்ளத்த மண் போட்டு நெரவிட்டாங்க. ரூம்ல அழகு, பேண்ட்ல நெரிசல்.

அடுத்தது அந்த உள்ள வாங்குற சமாச்சாரம். இதுல பவர் வால்வ் ரெண்டு 6வி6, மொத்தமே 22 வாட்ஸ். கரண்ட்ட ஏசிலேந்து டிசியா மாத்துறதுக்கும் ஒரு வால்வுதான். அழுத்தி அடிச்சா பவர் சப்ளை ஒரு கணம் தொய்யும், தொய்ஞ்சு திரும்பி வரும். அத சேக்னு சொல்றாங்க. எஞ்சினியர் கண்ணுக்கு அது பலவீனம். என் பொட்டீக் ஆம்ப்ல பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர், அந்த வால்வுக்கு பதிலா டயோட், பெரிய கப்பாசிட்டர்னு போட்டு கல்லு மாதிரி நிறுத்தியிருந்தாங்க. நீங்க எப்டி அடிச்சாலும் அசையாது. அசையாததுதான் எனக்குப் பிரச்சன, என் கை பண்றது எதுவும் வெளிய தெரியல, மெதுவா அடிச்சாலும் ஓங்கி அடிச்சாலும் அதே மரியாதையான சத்தம்.

எங்க பேஸ் ப்ளேயரோட அம்மா மயிலாப்பூர்ல பாட்டு கிளாஸ் எடுக்குறாங்க. இத நாங்க பேசிக்கிட்டிருக்கும்போது அவங்க தம்புராவ எடுத்துட்டு வந்து காமிச்சாங்க. தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல ஒரு சின்ன நூல் இருக்கும்ல, ஜீவான்னு சொல்வாங்க, அத ஒரு தந்திலேந்து உருவி எடுத்துட்டு மீட்டுனாங்க. சத்தம் சுத்தமாத்தான் வந்துச்சு, டொய்ங்னு வந்து அப்டியே செத்துப் போச்சு. மறுபடி நூல வச்சு நகத்தால லேசா நகத்தி நகத்தி ஒரு இடத்துல நிறுத்துனாங்க, அந்த ரீங்காரம் ரூம் முழுக்கப் பரவுச்சு. அந்த நூல் பண்றது உண்மைல தந்திய லேசா அதிரவிட்டு இரைய வைக்கிறதுதானே. நான் அத வாயத் தெறந்து பாத்துட்டே இருந்தேன், ரெண்டு வருஷமா எனக்கு சொல்லத் தெரியாதத அவங்க ரெண்டு நிமிஷத்துல கைல காமிச்சுட்டாங்க.

கொஞ்சம் சரித்திரமும் சொல்லணும், ஏன்னா "பழசுங்கிறதால சும்மா தூக்கி வச்சு பேசுறான்"னு நெனப்பீங்க. 1962ல லண்டன்ல ஜிம் மார்ஷல் கடைல கென் பிரானும் டட்லி கிரேவனும் சேந்து செஞ்ச ஜேடிஎம் 45 ஆம்ப், ஃபெண்டரோட பாஸ்மேன் ஆம்ப பாத்து அப்டியே போட்டதுதான். ஆனா அங்க கெடைச்ச பாகம் வேற, அமெரிக்கன் ஜென்சன் ஸ்பீக்கருக்கு பதிலா செலெஸ்டியன், அதுவும் மூடுன பெட்டில, கொஞ்ச நாள்ல பவர் வால்வும் கேடி66னு மாறிடுச்சு, அதுலேந்தே ஒரு புது சத்தம் பொறந்துச்சு. வாக்ஸ் ஏசி30ங்கிற இங்கிலாந்து ஆம்ப்ல இருக்கிற நாலு இஎல்84 வால்வு அந்தக் காலத்து ரேடியோல போட்ட வால்வுதான், பெங்களூர்ல பிஇஎல் கம்பெனிகூட செஞ்சுது. அதாவது கைல கெடைச்சத வச்சு, விலைக்குக் கட்டுப்பட்டு செஞ்சதுல வந்த சத்தம் இதெல்லாம். அந்த சத்தத்த கேட்டு வாசிக்கிறவங்க கைய பழக்குனாங்க, அந்தக் கைய கேட்டு நம்ம காது பழகுச்சு. கையால ஆம்ப் செஞ்ச அமெரிக்கர் டம்பிள் மாதிரி ஆளுங்களையும் நான் கும்புடறேன், 2022ல காலமாயிட்டாரு, வாழ்நாள்ல செஞ்சது சுமார் 300 ஆம்ப்தான், அதையும் வாங்குறவங்க எப்டி வாசிக்கிறாங்கன்னு பாத்து அந்தக் கைக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுத்தவரு. அந்த வழுவழுப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரே அச்சுல ஊத்தறதுதான் எனக்கு ஒத்து வரல.

சரி, ரீஇஷ்யூக்கு வர்றேன். 1963லேந்து 67 வரைக்கும் வந்த பிளாக்ஃபேஸ் (முன் பேனல் கறுப்பு) மாடல 1993ல மறுபடி கொண்டு வந்தாங்க. உள்ள பிரிண்டட் சர்க்யூட் போர்ட், கையால போட்ட வயரிங் இல்ல. இத ஒரு பெரிய பாவமா பேசுறவங்க இருக்காங்க. அங்கிளோட சில்வர்ஃபேஸும் என்னோடதும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சோம், அவரோடது கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, பழைய ஸ்பீக்கர், பல வருஷம் வாசிச்சு எளகிருக்கு. ஆனா குணம் ஒண்ணுதான், ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. சர்க்யூட் அதேதாங்கிறப்போ வயர் எப்டி ஓடுதுங்கிறதுல எனக்குப் பெருசா வித்தியாசம் கேக்கல. என் பொட்டீக் ஆம்ப்ல வயரிங் மியூசியத்துல வைக்கிற மாதிரி இருந்துச்சு, சத்தம் மட்டும் வேற வீட்டுப் புள்ள.

ரிவர்ப், அதாவது எதிரொலி, ஸ்பிரிங்லதான் வருது, அந்த ஸ்பிரிங் பெட்டிக்கு அடில ஒரு பைல கெடக்கும். மூணு வரைக்கும் வச்சா போதும், குரலுக்குப் பின்னாடி ஒரு கோயில் மண்டபம் திறந்த மாதிரி இருக்கு. வைப்ரேட்டோன்னு எழுதியிருக்கிறது உண்மைல ட்ரெமோலோ, சுருதி மாறாது, சத்தம்தான் கூடிக் கொறையும். உள்ள ஒரு சின்ன நியான் பல்பு மினுக்கி மினுக்கி ஒரு ரெசிஸ்டர் மேல வெளிச்சம் அடிச்சுத்தான் அந்த வேல நடக்குது. ஸ்லோவா வச்சு ஒரு மைனர் கார்ட் அடிச்சுட்டு விட்டுடுங்க, அப்டியே மூச்சு வாங்கும்.

குறை இல்லாம இல்ல. நார்மல் சேனல்ல ரிவர்ப் வராது. வைப்ரேட்டோ சேனல்ல ஒரு 47 பிகோஃபேரட் பிரைட் கப்பாசிட்டர் (ட்ரெபிள தூக்கிக் குடுக்கிறது) இருக்கு, வால்யூம் கம்மியா வச்சா ட்ரெபிள் ஊசி மாதிரி குத்தும், நெறைய பேர் அத வெட்டி விட்டுடுவாங்க, நான் வெட்டல, ட்ரெபிள நாலுக்குக் கீழ எறக்கிட்டேன். ஹம்பக்கர் (சத்தம் கனமா வர்ற பிக்கப்) கிட்டார்ல வாசிக்கும்போது ஆம்ப் வால்யூம் ஆறுக்கு மேல போனா பாஸ் கொழகொழன்னு ஆயிடும், அப்போ பாஸ ரெண்டுல வைங்க. ஜென்சன் ஸ்பீக்கர் மொத மூணு மாசம் கொஞ்சம் மொரடா இருந்துச்சு. 19 கிலோ, ஜாம் ரூம் மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. மாஸ்டர் வால்யூம் இல்ல, அதனால அப்பார்ட்மென்ட்ல இதோட முழு அழகும் கேக்க வாய்ப்பு கம்மி, அத மனசுல வச்சு வாங்குங்க. டிரம்மர் கிக் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல வச்சா ஸ்பிரிங் கலகலக்கும், கீழ ஒரு ரப்பர் மேட் போடுங்க.

சென்னைல வாங்குறவங்களுக்கு ஒண்ணு முக்கியமா சொல்லணும். அமெரிக்காலேந்து யாராச்சும் தூக்கிட்டு வந்தது 120 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகுனா போச்சு. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு சொருகுங்க, 120ன்னா நல்ல வாட்டேஜ்ல ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடணும். என்னோடது 230 மாடல், இருந்தாலும் எங்க ஏரியால சாயங்காலம் வோல்டேஜ் ஏறி எறங்குறதால ஒரு ஸ்டெபிலைசர் போட்டிருக்கேன். அப்புறம் நீங்களே தெறந்து நோண்டாதீங்க, உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடுது, ப்ளக்க புடுங்குனாலும் கப்பாசிட்டர்ல தங்கியிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய வால்வ் செட் பாத்த அண்ணன்மாருங்க இன்னும் இருக்காங்க, விசாரிச்சா கெடைப்பாங்க, என் ஆம்ப்புக்கு பவர் வால்வ் மாத்தி பயாஸ் (புது வால்வுக்கு ஏத்த கரண்ட் அளவு) வச்சுக் குடுத்தது அப்டி ஒருத்தர்தான். "எங்க காலத்துல மைக் செட்ல இதவிட பெரிய வால்வ்லாம் பாத்துருக்கேன் தம்பி"ன்னு அவர் அத வாஞ்சையா தடவுனது கண்ணுலயே நிக்குது.

பொட்டீக் ஆம்ப வித்துட்டேன், வீட்லயே ரெக்கார்டிங் பண்ற ஒரு பையன் வாங்கிட்டுப் போனான், அவன் வேலைக்கு அது சரியான சாமான், சந்தோஷமா இருக்கான். வந்த காசுல இந்த டீலக்ஸ் ரிவர்ப் 85 ஆயிரத்துக்கு வாங்குனது போக மிச்சம் பேங்க்ல கெடக்கு.

போன மாசம் அதே வேப்பேரி சர்ச்ல இன்னொரு சர்வீஸ். அதே கீபோர்ட், அதே க்வயர், அதே சவுண்ட் அண்ணன். வால்யூம் நாலு, ரிவர்ப் மூணு, முன்னாடி ஒரு மைக், அவ்ளோதான். மொத பாட்டு பாதில அண்ணன் பக்கம் பாத்தேன், அவர் மிக்சர்ல கையே வைக்கல, கை கட்டிக்கிட்டு கேட்டுட்டு நின்னாரு. கடைசில எல்லாம் மூட்ட கட்டும்போது கிட்ட வந்து ஆம்ப் மேல கைய வச்சு, இன்னும் சூடா இருக்கேன்னாரு. ஆறட்டும்ணே, பத்து நிமிஷம் கழிச்சு தூக்கலாம்னேன். ரெண்டு பேரும் படில உக்காந்தோம்.