அனுபவசாலியா, புதியவரா? ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தின் கணக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் நாங்கள் நடத்தும் ஃபார்வர்டிங் அலுவலகத்தின் (வாடிக்கையாளரின் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பிவைக்கும் அலுவலகம்) சுங்கப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது, இரண்டு வழிகள் இருந்தன: வேறு நிறுவனத்தில் இதே வேலையைப் பார்த்துவரும் அனுபவசாலியைக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்வது, அல்லது பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த ஒருவரை எடுத்து நாங்களே பழக்குவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது வழியை. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சம்பள வேறுபாட்டை நீட்டி எழுதத் தேவையில்லை. 4,500 ரிங்கிட் வாங்குபவருக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தொகை 585 ரிங்கிட். 2,200 ரிங்கிட் வாங்குபவருக்கு 286. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி. அனுபவசாலி வந்த அன்றே சுங்கத்துறைக்குத் தரும் கே1 இறக்குமதி அறிவிப்புப் பாரத்தை நிரப்பிவிடுவார் என்பதும், புதியவர் நிரப்பியதை மாதக்கணக்கில் ஒருவர் உடனிருந்து சரிபார்க்க வேண்டும் என்பதும் எல்லோரும் அறிந்தவையே.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, அந்த நபர் விலகும் நாளில் அலுவலகத்தில் என்ன மிஞ்சும் என்ற கேள்விதான். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வார முன்னறிவிப்பும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் தர வேண்டும். கேட்பதற்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக்கு ஈடான சம்பளத்தைக் கட்டிவிட்டு மறுநாளே விலகவும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆளை அவசரமாக இழுக்கும் புதிய முதலாளி அந்தத் தொகையைத் தாமே ஏற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்று எழுதிவைத்தாலும், விலை ஏறுமே தவிர வாசல் அடைபடாது.

அப்படி ஒருவர் போகும்போது அவருடன் சேர்ந்து போவது எது? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் திருகாணி, எஃகாக இருந்தால், இறக்குமதி வரியைப் பொருள்வாரியாகக் காட்டும் தீர்வை அட்டவணையின் 73ஆவது அத்தியாயத்திலும், பிளாஸ்டிக்காக இருந்தால் 39ஆவது அத்தியாயத்திலும் வரும். எந்த வாடிக்கையாளர் இரண்டையும் ஒரே இன்வாய்ஸில் கலந்து அனுப்புவார், யாரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அனுபவசாலியின் தலைக்குள் இருக்கும்; எழுதி வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. புதியவரோ எழுதி வைத்தால்தான் வேலையே செய்ய முடியும். அவர் கேட்ட கேள்விகளும் நாங்கள் சொன்ன பதில்களும் வாடிக்கையாளர் கோப்பில் ஏறிவிட்டதால், இன்று அவர் விடுப்பில் போனாலும் பக்கத்து மேசைக்காரர் கோப்பைத் திறந்து வேலையைத் தொடர்கிறார்.

பழக்கிய பிள்ளைகளும் போகத்தான் செய்வார்கள். 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பினாங்கு இளைஞர்களை ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. பன்னாட்டுத் தொழிற்சாலை தரும் சம்பளத்துக்குச் சிறிய அலுவலகம் ஈடுகொடுக்க முடியாது. அவர்கள் நிலைத்து நிற்பார்கள் என்று நான் வாதிடவில்லை. போனால் இழப்பு சிறியது என்பதே என் கட்சி.

விற்பனைப் பிரிவுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. அங்கே ஆளோடு வரும் தொடர்புகளுக்காகவே கூடுதல் சம்பளம் கொடுக்க நேரலாம். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லாத, முதலாளி நாள் முழுவதும் துறைமுகத்திலேயே நிற்க வேண்டிய அலுவலகமாக இருந்தால், தயங்காமல் அனுபவசாலியை எடுங்கள். கோப்பு எழுதுவதை மட்டும் வேலைப் பொறுப்புகளில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.