எட்டு சனிக்கிழமை எபிரெய வகுப்பு: போகலாமா?

நாகர்கோவிலில் ஒரு சபை மண்டபத்தில் எட்டு சனிக்கிழமை எபிரெய மொழி வகுப்பு நடந்தது. கட்டணம் 800 ரூபாய். ஜெராக்ஸ் நோட்ஸும் மாலைச் சாயாவும் அதில் அடக்கம். தக்கலையிலிருந்து பஸ் ஏறிப் போய் எட்டு வகுப்பிலும் உட்கார்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றேன். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள். அடுத்த குழு தொடங்கப்போகிறதாம். "டீச்சர், போலாமா?" என்று எங்கள் சபையிலேயே நாலு பேர் கேட்டாச்சு. அதனால்தான் எழுதுகிறேன்.

போகலாம். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜெராக்ஸ் நோட்ஸ் படுமோசம். எபிரெயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடமாக எழுத்து. எல்லாம் மெய்யெழுத்துதான். உயிர் ஒலிகளைக் காட்டும் புள்ளியும் கோடும் பிற்காலத்தில் மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள் சேர்த்தவை. ஜெராக்ஸ் மெஷின் அந்தப் புள்ளிகளில் பாதியை விழுங்கிவிட்டு, இல்லாத இடத்தில் சொந்தமாகச் சில கறுப்புப் பொட்டுகளை வைத்திருந்தது. எது உயிர், எது அழுக்கு என்று தெரியாமல் முதல் இரண்டு வாரம் முழித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துவிடும். இடம் பார்த்துத்தான் படிக்கவேண்டும். பழைய வேதச் சுருளும் அப்படித்தான் என்று தெரிந்ததும் அந்நியம் விட்டுப்போனது.

தாலேத், ரேஷ் என்று இரண்டு எழுத்து. மூலையில் ஒரு சின்ன நீட்டம்தான் வித்தியாசம். 'எஹாத்' என்றால் ஒன்று. அதன் கடைசி தாலேத்தை ரேஷாக வாசித்தால் 'அஹேர்', அதாவது வேறொன்று, ஆகிவிடும். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4 எபிரெயத்தில் இந்தச் சொல்லில்தான் முடிகிறது. யூதர்களின் தோராச் சுருளில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள் எழுதிய சுருளில், அந்த தாலேத்தைப் பெரிதாக எழுதுவார்கள். பிழையாக வாசித்துவிடக் கூடாதே என்ற பயம் அதற்கு ஒரு காரணமாம். மூலைக்கு இவ்வளவு காவல்!

அதே வசனத்தின் 'கேள்' மூன்றாம் வாரம் வந்தது. எபிரெயத்தில் 'ஷெமா'. காதால் கேட்பதும் சொன்னபடி நடப்பதும் ஒரே சொல். சார் இதை அரைமணி நேரம் விளக்கினார். தமிழருக்கு அரை நிமிஷம் போதும். "பிள்ளை சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது" என்று சொல்லும் தாய்க்குப் பிள்ளையின் காதில் சந்தேகமில்லையே. சவுல் ராஜாவிடம் சாமுவேல் தீர்க்கதரிசி சொன்ன "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும் ... உத்தமம்" என்ற இடத்திலும் மூலத்தில் இருப்பது இந்த வினைதான்.

நாலாம் வாரத்துக்காகவே 800 ரூபாய் கொடுக்கலாம். 'ஏசெர்' என்ற சொல்: உதவி, சகாயம். என் பெஞ்சில் ஒரு வேன் டிரைவர் இருந்தார். சார் "ஏபென் என்றால் கல், ஏசெர் என்றால் உதவி" என்று போர்டில் எழுதியதும் அவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நம்ம வண்டி பேரு எபனேசராக்கும். பத்து வருஷமா ஓட்டுதேன், அர்த்தம் இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்று வைத்த பெயர் அது. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டு வாசலில் அந்தப் பெயர் இருக்கிறது!

அங்கிருந்து சாரின் பேச்சு நம் மாவட்டத்து நட்டாலத்துக்குப் போனது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது கிடைத்த பெயர் லாசரு. லாசரு என்பது எலெயாசார் என்ற எபிரெயப் பெயரின் கிரேக்க வடிவம். 'தேவன் உதவினார்' என்று பொருள். அதைத் தமிழாக்கினால் தேவசகாயம். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது டிவியில் பார்த்து சந்தோஷப்பட்டவள்தான் நான், சி.எஸ்.ஐ. சபைக்காரியாக இருந்தாலும். அந்தப் பெயருக்குள் வேன் டிரைவரின் எபனேசரும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னும் ஒன்று. ஆதியாகமம் 2:18-ல் ஆதாமுக்கு ஏவாளை 'ஏற்ற துணை' என்கிறதே, அந்தத் 'துணை'யும் ஏசெர்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைச் சொல்லி, பெண் என்றால் கூடமாட ஒத்தாசைக்கு என்பதுபோலப் பிரசங்கம் கேட்டுப் பழகிய காது இது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121-ஆம் சங்கீதத்தின் ஒத்தாசையும் அதே ஏசெர் என்று சார் சொன்னார். அது கர்த்தரிடமிருந்து வரும் ஒத்தாசை. மேலேயிருந்து வரும் உதவிக்கும் மனைவிக்கும் ஒரே சொல். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, சாயா போடு" என்றார்.

ஐந்தாம் வாரம் 'ரூவாஹ்': காற்று, மூச்சு, ஆவி எல்லாம் அதுதான். புட்டுக்குடத்தில் ஆவி வந்தாச்சா என்று கேட்கிற ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் 'அசைவாடி'யதற்கும், உபாகமம் 32:11-ல் கழுகு குஞ்சுகளின்மேல் 'அசைவாடி'யதற்கும் மூலத்தில் ஒரே வினை. நம் தமிழ் வேதாகமமும் இரண்டிடத்திலும் ஒரே சொல்லையே போட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டையும் சேர்த்துப் பார்க்காதது என் குற்றம்.

ஏழாம் வாரத்தை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஆலேப் மாட்டுத்தலை, பேத் வீடு என்று தொடங்கினார். எழுத்து பிறந்த கதையாக அது சரிதான். அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாக உடைத்து, உள்ளே சிலுவை, இரத்தம் என்று 'இரகசியம்' எடுக்க ஆரம்பித்துவிட்டார். 'மரம்' என்ற சொல்லை ம, ர, ம் என்று பிரித்து ஒரு மாணவன் பொருள் எழுதியிருந்தால் நான் மார்க் போட்டிருப்பேனா? புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. 'தலீத்தாகூமி' என்று இயேசு சிறுமியை எழுப்பியது அரமேயத்தில். இதைப் பற்றி மூச்சே இல்லை. வகுப்பு முடிந்து இறங்கினால் வாசலில் ஆட்டுக்கொம்பு எக்காளம் விற்பனை, ஒன்று 3,500 ரூபாய். இரண்டு பேர் வாங்கினார்கள்.

ஆகவே, போகிறவர்கள் கணக்குக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாலேத்தின் மூலை கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காரும். நோட்ஸை ஜெராக்ஸாக வாங்காமல் பிடிஎஃப் கேளுங்கள், கொடுக்கிறார்கள். 5 மணி என்றால் 5.25-க்குத்தான் தொடங்கும். ஏழாம் வாரம் ஏதாவது கல்யாண வீடு இருந்தால் போய்விட்டு வாருங்கள்.