சமீர் செயலி: தில்லிக் காற்றைப் பார்க்கலாம், கட்சிக் கணக்கைத் தீர்க்க முடியாது

தீபாவளிக்கு மறுநாள் புகை இறங்கியதும் தில்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். "ஆம் ஆத்மி இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?" என்று மயூர் விகாரிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். "நொய்டாவைப் பாருங்க சார், அங்க யாரு ஆட்சி?" என்று ஆர்.கே.புரத்திலிருந்து பதில் வரும். நடுவில் ஒருவர் வேளச்சேரியின் பச்சை வட்டத்தைப் போட்டுத் திராவிட ஆட்சிக்கு மதிப்பெண் கொடுப்பார். பெரும்பாலும் எல்லாமே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் எடுத்தவைதான். இலவசச் செயலி, விளம்பரம் கிடையாது. இன்று மொட்டை மாடியில் நடக்கலாமா, பிள்ளையைப் பூங்காவுக்கு அனுப்பலாமா என்று பார்க்க இதற்கு ஐந்துக்கு நான்கு தரலாம். எந்தக் கட்சி ஆளும் இடத்தில் காற்று நல்லது என்று பார்க்க ஒன்றுக்கு மேல் தர முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தில்லிக்குள் மட்டும் காற்றை அளக்கும் தானியங்கி நிலையங்கள் ஏறத்தாழ 40 இருக்கின்றன. ஆனந்த் விகார், பஞ்சாபி பாக், மந்திர் மார்க், துவாரகா செக்டர் 8, ஜஹாங்கீர்புரி, லோதி ரோடு என்று நகரம் முழுக்கப் பரவியிருப்பதால், வீட்டுக்கு அருகில் ஏதாவது ஒன்று அகப்படும். வரைபடத்தில் வட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தின் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு), அதை ஏற்றிய முக்கிய மாசு, கடந்த 24 மணி நேரத்தின் போக்கு எல்லாம் தெரியும். தினமும் மாலை 4 மணிக்கு நகரவாரி அறிக்கை வரும். பள்ளிக்கு விடுமுறையா, கட்டுமானம் நிற்குமா என்பதற்கான கிராப் (காற்று கெடக் கெடக் கட்டுப்பாட்டைக் கூட்டும் திட்டம்) படிநிலைகளுக்கு அடிப்படை தில்லியின் இந்த எண்தான்: 201க்கு மேல் முதல் படி, 301க்கு மேல் இரண்டு, 401க்கு மேல் மூன்று, 450ஐத் தாண்டினால் நான்கு.

சிக்கல் அந்த எண் பிறக்கும் விதத்தில் இருக்கிறது. எட்டு மாசுகளில் குறைந்தது மூன்றுக்குத் தரவு வேண்டும். அதில் ஒன்று பி.எம். 2.5 (மிக நுண்ணிய துகள்) அல்லது பி.எம். 10 (அதைவிடப் பெரிய தூசித் துகளும் சேர்ந்தது) ஆக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உள்குறியீடு போட்டு, எது அதிகமோ அதையே ஏ.க்யூ.ஐ. என்று அறிவிப்பார்கள். அதனால் ஓர் ஊரின் 180 தூசியால் வந்ததாக இருக்கலாம், இன்னோர் ஊரின் 180 ஓசோனால் வந்ததாக இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து "சமம்" என்பது, ஒருவருக்கு 102 டிகிரி காய்ச்சல், இன்னொருவருக்கு 102 கிலோ எடை, இருவரும் ஒரே நிலை என்பதைப் போன்றது. இன்னொன்று: செயலியில் பி.எம். 2.5க்கு நேரே தெரிவது மைக்ரோகிராம் அளவு இல்லை, அதுவும் உள்குறியீடுதான். பலர் அதை அப்படியே எடுத்து "உலக சுகாதார நிறுவன வரம்பைப் போல இத்தனை மடங்கு" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. இரண்டுமே அடர்த்தி, குறியீட்டோடு ஒப்பிடவே கூடாது.

விடுபட்ட மணிநேரங்கள் இதைவிடப் பெரிய ஓட்டை. 24 மணி நேரச் சராசரிக்கு 16 மணி நேரத் தரவு இருந்தால் போதும் என்பது விதி. கற்பனையாக ஒரு குளிர்கால நாளை எடுத்துக்கொள்வோம்: பகலும் மாலையுமாக 16 மணி நேரம் பி.எம். 2.5 சராசரி 110 மைக்ரோகிராம், இரவில் 8 மணி நேரம் 240. முழு நாளின் சராசரி 153, ஏ.க்யூ.ஐ. 325ஐ ஒட்டி வரும், 'மிக மோசம்'. அந்த இரவு எட்டு மணி நேரம் மின்தடையாலோ பராமரிப்பாலோ பதிவாகவில்லை என்றால் சராசரி 110தான்; ஏ.க்யூ.ஐ. 266 அளவில் நின்று 'மோசம்' என்று காட்டும். யாரும் பொய் எழுதவில்லை, விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் நகரச் சராசரியே இப்படி ஆனால் கிராப்பில் ஒரு படி இறங்கிவிடும். ஆளுங்கட்சி நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறது என்று எந்த எதிர்க்கட்சி புகார் சொன்னாலும், முதலில் இந்த வெற்றிடங்களைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் அமுக்குவது பெரும்பாலும் மண்தூசியை, அதாவது பி.எம். 10ஐ. பி.எம். 2.5 அதற்கு அவ்வளவாக அசையாது. அக்கம்பக்கத்து நிலையங்களில் இல்லாதபடி ஒன்றில் மட்டும் பி.எம். 10 திடீரென்று சரிந்து 2.5 அப்படியே இருந்தால் சந்தேகப்படலாம்.

உச்சவரம்பு 500. பி.எம். 2.5 ஏறத்தாழ 380 மைக்ரோகிராமை எட்டியதும் குறியீடு சுவரில் முட்டி நின்றுவிடும். 400க்கும் 700க்கும் வித்தியாசம் தெரியாது. மோசமான இரவுகளில் ஐ.க்யூ.ஏர் போன்ற வெளிநாட்டுச் செயலிகள் நான்கிலக்க எண் காட்டுவதும் சமீர் 500இல் நிற்பதும் இதனால்தான். அமெரிக்க அட்டவணையில் அப்படிச் சுவர் கிடையாது, படிகளும் வேறு. பி.எம். 2.5 அளவு 60 என்றால் இங்கே 100, 'திருப்தி'. அங்கே 154, 'உடல்நலத்துக்குக் கேடு'. ஒரே காற்று! ஆளுங்கட்சி ஆதரவாளர் சமீரையும் எதிர்ப்பாளர் வெளிநாட்டுச் செயலியையும் காட்டிச் சண்டை போட்டால் அது முடியவே முடியாது.

உண்மையிலேயே ஒப்பிட நினைப்பவர்கள் செயலியை மூடிவிட்டுக் கணினியில் நிலையங்களின் மூலத் தரவைத் தரும் வாரியத்தின் சி.சி.ஆர். தளத்துக்குப் போக வேண்டும். கேப்சா எழுத்துகள் கொஞ்சம் படுத்தும். மாநிலம், நகரம், நிலையம், பிறகு பி.எம். 2.5 மட்டும், சராசரி இடைவெளி 1 மணி நேரம், தொடக்க, முடிவுத் தேதி. 24 மணி நேரச் சராசரியைக் கேட்டால் வெற்றிடங்கள் மறைந்துவிடும், அதனால் மணிக்கணக்குத் தரவைத்தான் எடுக்க வேண்டும். எக்செல்லில் திறந்ததும் மூன்று வேலை. 985, 1000 போன்ற எண் அடுத்தடுத்து வந்தால் கருவி தன் எல்லையில் முட்டியிருக்கிறது என்று பொருள். அவற்றைத் தனியே குறியுங்கள். ஒரே எண் ஐந்தாறு மணி நேரம் இம்மி பிசகாமல் வந்தால் கருவி உறைந்துவிட்டது, எடுத்துவிடலாம். மாதத்தில் முக்கால் பங்கு மணிநேரங்களுக்காவது தரவு இல்லையென்றால் அந்த மாதத்தையே தள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் மாதச் சராசரி, அதிலிருந்து ஆண்டுச் சராசரி. நேராக எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால், குளிர்காலத் தரவு குறைந்த நிலையம் சுத்தமாகத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகும் லக்னோவையும் திருவனந்தபுரத்தையும் பக்கத்தில் வைத்து ஆட்சிக்கு மதிப்பெண் போடக் கூடாது. கங்கைச் சமவெளிக்கு வடக்கே இமயமலை அணை போட்டிருக்கிறது. குளிர்காலத்தில் மேலே சூடான காற்றும் கீழே குளிர்ந்த காற்றுமாக மூடி போட்டதுபோல் ஆகி, அடுப்புப் புகையிலிருந்து லாரிப் புகைவரை தரையோடு தங்கிவிடும். சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது. தினமும் வந்து துடைத்துவிட்டுப் போகிறது. அது எந்தக் கட்சியின் சாதனையும் அல்ல. அதே சென்னையில் மணலியையும் வேளச்சேரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே மாநகராட்சி, ஒரே ஆட்சி, ஆனால் ஒன்று சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு நம்மைவிடப் பழையது. தாராளவாதக் கலிபோர்னியா எதிர் பழமைவாத மாநிலங்கள் என்று பட்டியல் போடுவார்கள். நுண்துகளில் அந்நாட்டின் மிக மோசமான நகரங்களில் ஒன்றான பேக்கர்ஸ்ஃபீல்டு இருப்பது கலிபோர்னியாவில்தான், ஆனால் அந்த நகரம் இருக்கும் கெர்ன் மாவட்டம் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பது. மூன்று பக்கமும் மலை, நடுவில் எண்ணெய்க் கிணறு, விவசாயம், நெடுஞ்சாலை. இதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது? ஜனநாயகக் கட்சியின் கோட்டையான லாஸ் ஏஞ்சல்ஸ் ஓசோனில் மோசம். நிலக்கரி தோண்டும் பழமைவாத வயோமிங்கில் ஆள் குறைவு என்பதால் காற்று பெரும்பாலும் தெளிவு. தலைக்குக் கணக்கிட்ட கார்பன் உமிழ்விலோ அது அந்நாட்டிலேயே முதல் வரிசை. எந்த மாசை அளக்கிறோம் என்பதை மாற்றினால் வெற்றியாளரும் மாறிவிடுவார். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டது குடியரசுக் கட்சியின் நிக்சன் என்பதையும் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. 2009இல் நிலத்தடி நீரைக் காப்பாற்ற, நெல் நாற்று நடுவதை ஜூன் மாதத்துக்குத் தள்ளும் சட்டத்தைப் பஞ்சாபும் ஹரியாணாவும் கொண்டுவந்தன. பஞ்சாபில் அப்போது அகாலி தளம்–பா.ஜ.க. கூட்டணி, ஹரியாணாவில் காங்கிரஸ். அறுவடை தள்ளிப்போனது, கோதுமை விதைப்பதற்கு முன் விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம், வைக்கோலை எரிப்பதே சுலப வழியானது. காற்று அடங்கும் அக்டோபர் கடைசியில் அந்தப் புகை தில்லிக்கு வந்து சேர்கிறது. பஞ்சாபில் அதன்பின் காங்கிரஸ் வந்தது, 2022இல் ஆம் ஆத்மி வந்தது, ஹரியாணாவில் 2014இல் பா.ஜ.க. வந்தது. நடவு நாள்காட்டி மட்டும் பெரிதாக மாறவில்லை. தில்லிப் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறியதும் உச்ச நீதிமன்றம் 1998இல் போட்ட உத்தரவால், அமலானது 2002இல். இடையில் ஆட்சி மாறியிருந்தது.

ஆட்சிகளைத்தான் ஒப்பிட வேண்டும் என்றால் எல்லை நிலையங்கள் பரவாயில்லை. தில்லியின் ஆனந்த் விகாரும் காஜியாபாத்தின் வசுந்தராவும் சில கிலோமீட்டர் தூரம்தான். மேலே ஒரே வானம், ஒரே காற்று. 2017 முதல் 2025 பிப்ரவரி வரை இந்தப் பக்கம் ஆம் ஆத்மி, அந்தப் பக்கம் பா.ஜ.க. ஆனந்த் விகாரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் ஒட்டியிருப்பதால் மொத்த எண்ணில் அது எப்போதும் தோற்கும். அதனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுதோறும் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பாருங்கள். 2020ஐ விட்டுவிடுங்கள், ஊரடங்கு ஆண்டு. 2025க்குப் பிந்தைய தில்லிக்குக் குறைந்தது மூன்று குளிர்காலம் தேவை. ஒரு நல்ல மழையும் ஒரு வாரக் காற்றும் எந்த முதலமைச்சரையும் சாதனையாளராக்கிவிடும்.

சமீரில் புகார் அனுப்பும் வசதியும் இருக்கிறது. குப்பை எரிப்பு, மூடாத கட்டுமான மண் இவற்றைப் படத்தோடு போடலாம். கைபேசியில் இருப்பிடத்தை இயக்கிவிட்டு அங்கேயே நின்று எடுங்கள். வீட்டுக்கு வந்து அனுப்பினால் உங்கள் வீட்டு முகவரியில் புகார் பதிவாகும்.