எல்லாவற்றுக்கும் 'சிதைவு' போடும் ஒரு சொற்புத்தகம்: வாங்கலாமா?

போன டிசம்பரில் ஹட்டன் டவுனில் 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆங்கிலம்–தமிழ் சொற்புத்தகம் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போட்டால் சண்டைக்கு வருவார்கள். அகர வரிசையில் இல்லாமல் சொற்களைத் தலைப்பு வாரியாகக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கிற மாதிரி. நிறம், சமையல், பிரயாணம் எல்லாம் பரவாயில்லை. நான் மல்லுக்கட்டியது தேய்வு, நலிவு, அழிவு என்று போட்ட கொத்தோடு. 40 சொல் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எதிரே போட்டிருக்கும் தமிழ் ஒன்றே ஒன்றுதான்: சிதைவு.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பின்னேரத்தில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். தரம் 10 பையன் ஒருவன் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் "மை கிராண்ட்மதர் இஸ் டிலாபிடேட்டட்" என்று எழுதிக் கொண்டுவந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது, புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினான்: சிதைந்த, பாழடைந்த, தளர்ந்த. "அப்பாயி தளர்ந்துட்டாங்கதானே டீச்சர்?" அவன் கேட்டது சரிதான். முப்பது வருஷம் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு அது. பிழை புத்தகத்தில். டிலாபிடேட் என்ற சொல்லுக்குள் லாபிஸ், அதாவது கல், என்ற லத்தீன் சொல் உட்கார்ந்திருக்கிறது. கல் கல்லாகக் கழன்று சிதறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குச் சொல்லலாம், தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்துக்குத் தாராளமாகச் சொல்லலாம், அப்பாயிக்குச் சொல்லக் கூடாது. அவனுக்குத் தேவைப்பட்ட சொல் ஃப்ரெய்ல். சட்டென்று ஒடிந்துவிடுமோ என்று பார்க்கிறவருக்குப் பயம் வருகிற மாதிரி மெலிந்து தளர்ந்த உடம்பு. அந்த 40 சொல்லில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது!

எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் உள்ள கோபமே இதுதான். தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லாமலா போச்சு? கூரை மரம் உளுத்துப்போகும், சீலை நைந்துபோகும், கயிறு இற்றுப்போகும், சோறு ஊசிப்போகும், இலை குப்பை மக்கிப்போகும், தகரம் துருப்பிடிக்கும். எது கெடுகிறது என்பதைப் பார்த்துச் சொல் மாறும். ஆங்கிலமும் அப்படித்தான் செய்கிறது. இரண்டு பக்கமும் இவ்வளவு வளம் இருக்க, நடுவில் ஒருவர் உட்கார்ந்து சிதைவு, சிதைவு என்று நிரப்பியிருக்கிறார்.

எரோஷன் என்ற சொல்லைப் பாருங்கள். லத்தீனில் ரோடேரே என்றால் கொறிப்பது. எலி, அணில் வகைக்கு ரோடன்ட் என்ற பெயர் வந்ததும் அதிலிருந்துதான், கொரோஷனும் அதே வேர்தான். நாமும் கரையான் அரித்தது, மழை அரித்தது, துரு அரித்தது என்று ஒரே சொல்லைத்தான் மூன்றுக்கும் சொல்கிறோம். தண்ணீர் வடியக் கான் வெட்டாமல் விட்ட மலையில் ஒரு மழைக்காலம் போனால் தேயிலைத் தூரில் வேர் வெளியே தெரியும், அதைப் பார்த்த பிள்ளைக்கு 'அரிப்பு' என்று ஒரு சொல் போதும். புத்தகம் போட்டிருப்பது 'மண் சிதைவு'.

அட்ரஃபி இன்னும் மோசம். முதலில் உச்சரிப்பே பிழை, 'அட்ரோபி' என்று அச்சடித்திருக்கிறார்கள், அழுத்தம் முதல் அசையில் வரவேண்டும். கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லாமை, 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். எங்கள் பக்கத்துக் காம்பரா மாமா கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்து, கட்டுப் பிரித்த அன்று இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டுப் போட்ட கால் மூங்கில் குச்சி மாதிரி. "சூம்பிப்போச்சு பாருங்க" என்றார். அதுதான் அட்ரஃபி! ஒரு மாமா ஒரே சொல்லில் சொன்னதை இந்தப் புத்தகம் 'தசைச் சிதைவு நிலை' என்று மூன்று சொல்லில் போட்டும் விளங்கவில்லை.

கன்ஸம்ப்ஷனுக்கு 'நுகர்வு' மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அப்படியானால் அந்தச் சொல் ஏன் இந்தக் கொத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கே கேள்வி வரவில்லையா? பழைய ஆங்கிலக் கதைகளில் ஒரு பெண் கன்ஸம்ப்ஷனில் செத்தாள் என்று வந்தால் அது காசநோய், உடம்பை உள்ளிருந்து தின்றுவிடுகிற நோய். 1882 இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதன் கிருமியை அறிவிப்பதற்கு ரொம்ப முந்தியே வந்துவிட்ட பெயர். நம் பெரியவர்கள் அதை எலும்புருக்கி என்றார்கள், சயரோகம் என்றார்கள். சயம் என்றாலே தேய்வுதான். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளை இந்த இடத்தில் கட்டாயம் தடுமாறும்.

ரஸ்ட்டுக்குத் துரு என்று போட்டது சரி, ஆனால் இலங்கையில் அச்சடித்த புத்தகம் கோப்பி இலைத்துருவைச் சொல்லாமல் விடலாமா? 1869 இல் இங்கே தலைகாட்டிய பூஞ்சை நோய் அது. இந்த மலைகளில் இருந்த கோப்பியை விழுத்திவிட்டுத் தேயிலைக்கு இடம் விட்டதே அதுதான்.

விதரிங் விஷயத்துக்கு வருகிறேன். 'வாடிச் சிதைதல்' என்று இருந்ததை வாசித்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகத் தலையாட்டி மறுத்தார்கள். ஒரு பிள்ளையின் அம்மா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், விதரிங்கில்தான் வேலை செய்கிறார். பறித்த கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, மணிக்கணக்காக ஈரத்தை இறக்குவார்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரித்தால் கொழுந்து மெதுவாக, சோம்பேறி மாதிரி விரியவேண்டும், தண்டை மடக்கினால் ஒடியாமல் வளையவேண்டும். அதைவிட வாடினாலும் பிழை, குறைய வாடினாலும் பிழை. அங்கே ஒன்றும் சிதையவில்லை, வேண்டுமென்றே வாட்டுகிறார்கள். 'வாட்டுதல்' என்று ஒரு சொல் கூடப் போட்டிருந்தால் முடிந்தது வேலை.

நல்லது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. டிக்லைன் (குறைந்துபோவது), டிடீரியரேட் (மோசமாவது) இரண்டுக்கும் உதாரண வாக்கியங்கள் தெளிவு. டிக்லைன் என்றால் அழைப்பை மறுப்பதும்தான் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். தேய்வதைச் சொல்கிற வேன் என்ற சொல்லுக்குத் தேய்பிறை படம் போட்டிருப்பது அருமை, ஆனால் உச்சரிப்பை 'வானே' என்று போட்டுக் கெடுத்துவிட்டார்கள். எழுத்துப் பெரிது, மண்ணெண்ணெய் விளக்கிலும் வாசிக்கலாம்.

தாள் மட்டம். எங்கள் பக்கத்து மூடுபனிக்கு மூன்றாம் மாதமே பசை விட்டு 61 ஆம் பக்கம் கையோடு வந்தது. கடைக்குக் கொண்டுபோனால் பில் கேட்டார்கள், பில்லைத் தேடி எடுத்துப்போனால் 'ஒரு கிழமைக்குள்ளே வந்திருக்கணும்' என்றார்கள். சரி, வீட்டுச் சோற்றுப்பசைதான்.

5க்கு 2 கொடுக்கிறேன். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் வாங்கலாம், பிள்ளை தனியாக வைத்துப் படிக்க என்றால் வேண்டாம், அந்தக் காசுக்குப் பழைய புத்தகக் கடையில் நல்ல அகராதியே கிடைக்கும். அந்தப் பையன் இப்போது அப்பாயிக்கு ஃப்ரெய்ல், லயத்துக்கு டிலாபிடேட்டட் என்று சரியாக மாற்றி எழுதிவிட்டான். போன கிழமை ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே, "நமுத்துப்போச்சு டீச்சர், இதுக்கு இங்கிலீஷில் என்ன?" என்று கேட்டான். ஸ்டேல் என்று சொல்லிப் பார்த்தேன், அது பழசானதுக்கு. சாஃப்ட் என்றேன், அது மெத்தைக்கு. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.